இதயத்துக்கு வேகம் சொல்வது யார்? – கேள்வி பதில்

கேள்வி: சார், மூளை கட்டளையிட்டால்தானே இதயம் துடிக்கும்?

பதில்: இல்லை. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுவின் செல்கள் தாமாகவே துடிப்பைக் கிளப்பும். நரம்புகள் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதோடு சரி. இதயமாற்று செய்துகொண்டவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும். மூளையிலிருந்து வந்து வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு அறுபட்டிருப்பதால் அடக்க ஆளில்லை.

கேள்வி: பயந்தால் படபடக்கிறதே, அப்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது?

பதில்: சைனஸ் கணு செல்லின் சவ்வில் எச்சிஎன்4 என்றொரு அயனிக் கால்வாய், அதாவது மின்னேற்றமுள்ள அணுக்கள் போய்வரும் வாசல், உண்டு. சோடியம், கால்சியம் கால்வாய்கள் மின்னழுத்தம் ஏறினால் திறக்கும். இதுவோ இறங்கினால் திறக்கும். ஒரு துடிப்பு முடிந்து அழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட் பக்கம் இறங்கியதும் இதன் வழியாகச் சோடியம் உள்ளே கசியும். அழுத்தம் மெல்ல ஏறி அடுத்த துடிப்பு கிளம்பும்.

பயத்தில் சுரக்கும் நார்அட்ரினலின், செல்லின் சவ்வில் உள்ள பீட்டா-1 ஏற்பியில் ஒட்டுகிறது. உடனே செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அந்தச் சின்ன மூலக்கூறு நடுவில் நொதி எதுவும் இல்லாமல், கால்வாயின் உட்பக்க வாலில் நேராகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அழுத்தம் அவ்வளவு இறங்கும்வரை கால்வாய் காத்திருப்பதில்லை. ஏற்றம் செங்குத்தாகி, இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் சுருங்குகிறது. கால்சியம் கால்வாய்களும் கூடச் சேர்ந்துகொள்ளும். அங்கே மட்டும் புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி வேண்டும்.

கேள்வி: குறைப்பது எது?

பதில்: வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின். சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கும். ஏற்பியோடு சேர்ந்து வேலை செய்யும் ஜி புரதத்தின் பீட்டா-காமா பகுதி மூலம் பொட்டாசியம் கால்வாயையும் திறந்துவிடும். பொட்டாசியம் வெளியேறுவதால் மின்னழுத்தம் ஏறத் தாமதமாகும். நரம்பு இப்படி ஒரு வேதிப்பொருள் மூலம்தான் பேசுகிறது என்று காட்டியவர் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி. 1921-இல் அவர் ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதிலிருந்த திரவத்தை இன்னொரு இதயத்துக்கு மாற்றினார். நரம்பே தூண்டப்படாத அதுவும் மெதுவானது!

கேள்வி: படபடப்பை நிறுத்த அடினோசின் ஊசி போட்டதும் நெஞ்சே நின்ற மாதிரி இருந்ததே?

பதில்: அதுவும் அதே பொட்டாசியம் கால்வாயைத்தான் திறக்கிறது. சில வினாடிகளில் ரத்தத்திலிருந்து போய்விடும்.

கேள்வி: ஐவாபிராடின் சாப்பிடும் அப்பாவுக்குக் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் தெரிகிறதாம். ஏன்?

பதில்: அந்த மாத்திரை எச்சிஎன் கால்வாயை அடைத்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது. விழித்திரையிலும் அதே குடும்பத்தின் எச்சிஎன்1 இருக்கிறது. அதையும் மாத்திரை தொடுவதால்தான் இந்த வெளிச்சம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவில் அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள், எதிரே வரும் ஹெட்லைட்டில்தான் அது அதிகம் தெரியும்.