சிடி பிளேயரை மாற்றும் முன் ஹெட்போன் துளையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, என்னிடம் இருபது வருடமாக ஒரு சிடி பிளேயர் இருக்கிறது. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு 32 ஓம் ஹெட்போனை அதன் முகப்பிலேயே செருகிக் கச்சேரி கேட்பேன். பாட்டு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி வீங்கினாற்போல வந்து தம்புராவை மூடிவிடுகிறது. 70,000 ரூபாய்க்குப் புதிய பிளேயர் வாங்கினால் தெளிவு கிடைக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். ஓய்வூதியப் பணம். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "முகப்பிலேயே செருகி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

நிறைய பிளேயர்களில் அந்த ஹெட்போன் துளைக்குப் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டர் (மின்சாரத்தைத் தடுக்கும் சின்ன பாகம், அதன் தடையை ஓமில் சொல்வார்கள்) இருக்கும். 100 ஓம், சிலவற்றில் அதற்கும் மேல். உள்ளே இருப்பது ஒரு சின்ன ஐசி, அதாவது மின்னணுச் சில்லு. வயர் ஷார்ட் ஆனால் அது கருகிவிடக் கூடாது என்பதற்காக வைப்பது. ஐசிக்கு நல்லது, உங்கள் ஹெட்போனுக்குக் கெட்டது. ஏனென்றால் ஹெட்போன் மேல் எழுதியிருக்கும் 32 ஓம் எல்லா ஒலிக்கும் ஒரே அளவாக நிற்பதில்லை. பல ஹெட்போன்களில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ளே இருக்கும் சவ்வு தானாகவே அதிகமாக அதிரும். அந்த இடத்தில் ஓம் ஏறிவிடும். 32 என்பது அங்கே 64 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், 32 ஓம் இருக்கும் இடங்களில் வோல்டேஜில் நான்கில் ஒரு பங்குதான் ஹெட்போனுக்குப் போகும். 64 ஓம் இருக்கும் இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போகும். அதாவது அந்தக் கீழ் ஒலி மட்டும் சுமார் 4 டெசிபல் தூக்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி விழுவது அந்தப் பகுதியில்தான். நீங்கள் கேட்ட வீக்கம் கற்பனையல்ல, உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

70,000 ரூபாய் பிளேயரை வாங்கி அதன் முகப்பிலும் இதே மாதிரி ரெசிஸ்டர் இருந்தால் என்ன செய்வீர்கள்? அது எத்தனை ஓம் என்பதைக் கடைக்காரர் சொல்லவே மாட்டார். கேட்டு வாங்க வேண்டும்.

2006-ல் நானும் இதே இடத்தில் நின்றேன். பெயர்போன ஒரு பிளேயரைப் பெரிய விலைக்கு வாங்கி வந்து, ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) இணைத்து, அதில் ஹெட்போனை மாட்டி, ஒரு வாரம் சந்தோஷமாகக் கேட்டேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்தால், ஒரே சோதனை சிடிக்குப் பழையது 2.0 வோல்ட் தருகிறது, புதியது 2.3 வோல்ட். ஒரு டெசிபலுக்குச் சற்று அதிகம். அவ்வளவு கூடினால் "சத்தம் கூடியது" என்று காதுக்குத் தோன்றாது, "தெளிவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். 100 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, இரண்டையும் ஒரு சதவீதத்துக்குள் சமப்படுத்தி, ஒரே கச்சேரியின் இரண்டு பிரதிகளை இரண்டிலும் போட்டு, என் தங்கை மகனை எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். 20 முறையில் 11 முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். அதே ஹெட்போனை ஆம்பிலிருந்து எடுத்துப் பழைய பிளேயரின் முகப்பில் செருகி, அதே மாதிரி சமப்படுத்திக் கேட்டபோது 20-ல் 19 சரி.

இரண்டு பிளேயரும் ஒரே மாதிரி ஒலித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1982-ல் ஜப்பானில் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தபோதும் சிடி என்பது ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எழுதிய எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். இன்றைக்கும் அதே. அதைச் சரியாக வாசித்து வோல்டேஜாக மாற்றும் வேலையில் உங்கள் இருபது வருடப் பிளேயர் கெட்டிக்காரனாகவே இருக்கும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தக் கச்சேரியை ஒரு மடிக்கணினியில் நகல் எடுத்து, போனுக்கு விற்கும் நல்ல யூஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகி, அதில் உங்கள் ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள். நல்ல டாங்கிள்களின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது துளைக்குப் பின்னால் இருக்கும் தடை, ஒன்றிரண்டு ஓம்தான். தொப்பி கட்டுக்குள் வந்து தம்புரா வெளியே தெரிந்தால் பழி முகப்புத் துளை மேல். தெரியாவிட்டால் காது மெத்தையைப் பாருங்கள். நசுங்கிப் போன மெத்தை ஒலியை வெகுவாக மாற்றிவிடும், அதற்கு மாற்று மெத்தை கிடைக்கும்.

துளைதான் காரணம் என்று தெரிந்தால், தனியாக ஒரு ஹெட்போன் ஆம்ப் வாங்குங்கள். கடையில் சொன்ன விலையில் கால் பங்குக்குள் நல்லதே கிடைக்கும். வெளியீட்டு இம்பீடன்ஸ், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 4 ஓம். பிளேயரின் பின்னால் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருக்கும் (இதுதான் லைன் அவுட்), அதிலிருந்து சாதாரண ஆர்சிஏ வயர் போதும். "வேரியபிள்", "ஃபிக்ஸட்" என்று இரண்டு ஜோடி இருந்தால் ஃபிக்ஸடில் மாட்டுங்கள். தனி டிஏசி (சிடியின் எண்களை வோல்டேஜாக மாற்றும் கருவி) இப்போது தேவையில்லை. லைன் அவுட்டில் உறுமலோ இரைச்சலோ கேட்டால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: 1980-களில் வாங்கிய ஒரு சிடியைக் கணினியில் நகல் எடுத்தேன். பிளேயரில் இதமாக இருப்பது, நகலில் கீச்சென்று கேட்கிறது. சிடி கெட்டுவிட்டதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சிடிக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்துச் சிடிகள் சிலவற்றில் ப்ரீ-எம்பசிஸ் என்ற ஏற்பாடு உண்டு. பதிவில் மேல் ஒலிகளைத் தூக்கி வைப்பார்கள், 20,000 ஹெர்ட்ஸ் அருகே அது 9 டெசிபலுக்கு மேல். கேட்கும்போது பிளேயர் அதே அளவு இறக்கிவிடும், கூடவே இரைச்சலும் இறங்கும். இறக்கச் சொல்லும் குறிப்பு சிடியிலேயே இருக்கிறது. பிளேயர் அதைப் பார்க்கிறது, நகல் எடுக்கும் மென்பொருள்கள் பல கவனிப்பதில்லை. சாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் "டீஎம்ஃப்" (deemph) என்று ஒரு கட்டளை உண்டு, நகலை அதில் ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். கும்பகோணத்து வாசகரும் இதைக் கவனிக்கட்டும்: தனி டிஏசி-களிலும் பல இந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. பழைய சிடிகளுக்குப் பிளேயரின் லைன் அவுட்தான் பத்திரம்.

கேள்வி: பிளேயர் தாவித் தாவிப் படிக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, காது குடையும் பஞ்சில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, லென்ஸை அழுத்தாமல் ஒருமுறை துடையுங்கள். பிரஷ் வைத்த "கிளீனர் சிடி" வேண்டாம். துடைத்தும் சரியாகவில்லை என்றால் லேசர் பிக்-அப்பை (லேசரும் லென்ஸும் சேர்ந்த, சிடியைப் படிக்கும் பாகம்) மாற்ற வேண்டும். 1990-களின் பிளேயர்கள் பலவற்றில் சோனியின் கேஎஸ்எஸ்-213 வகைதான் இருக்கும். புதிய பிக்-அப்பில், ஸ்டாட்டிக் மின்சாரம் தாக்காமல் இருக்க ஒரு சோல்டர் பொட்டு வைத்து அனுப்பியிருப்பார்கள். ரிப்பன் வயரை முதலில் செருகுங்கள், அதற்குப் பிறகு அந்தப் பொட்டை எடுங்கள். எடுக்க மறந்தால் லேசர் ஒளிராது, பிளேயரும் "டிஸ்க் இல்லை" என்று காட்டும். பாகம் கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.