நனைந்தால் கலையும் கடுதாசி: விளையாட்டுக்குள் காகிதம், கேள்வி பதில்

நீலகிரியைக் களமாக வைத்துப் பலர் சேர்ந்து ஆடும் துப்பறியும் கணினி விளையாட்டு. கதை நடப்பது 1950களில். கடிதம், துண்டுச்சீட்டு, ரயில் டிக்கெட் எல்லாமே தடயங்கள். அதை உருவாக்குகிறவர்கள் கேட்டவை இவை, கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது.

குன்னூர்: சீட்டைத் தொட்டால் ஒரு பெட்டி திறந்து வாசகம் வருது. காகிதம் மாதிரியே இல்லையே அண்ணா?

வாசகம் வேறு, தாள் வேறு என்று பிரித்துவிடுங்கள். சர்வரில் ஒரு தாளுக்கு வாசகம், எழுதிய கருவி, ஈரம் (0 முதல் 100), எத்தனை மடிப்பு, ஒரு விதை எண் (கறை எங்கே எப்படி விழும் என்பதைத் தீர்மானிக்கும் தொடக்க எண்). இவ்வளவு போதும். கறையைப் படமாகச் சேமிக்க வேண்டாம். விதை எண்ணை வைத்து அவரவர் கணினியே வரையட்டும். எண் ஒன்றுதான் என்பதால் எல்லார் திரையிலும் கறை ஒரே இடத்தில் விழும். பெட்டியையும் தூக்கிவிடுங்கள். பாத்திரம் தாளைக் கையில் பிடித்தே படிக்கட்டும், எதிரில் நிற்பவருக்கு முதுகுப்பக்கம் தெரியட்டும்.

கோத்தகிரி: மூட்டத்திலும் மழையிலும் மை எப்படிக் கலையணும்?

மூட்டத்தில் மை கலையாது. தாள் தளர்ந்து ஓரம் சுருளும், அவ்வளவுதான். ஈரம் 30ஐத் தாண்டவிடாதீர்கள். மழையில் ஃபவுண்டன் பேனா மை 40இல் கசியத் தொடங்கி 70இல் பரவட்டும். பென்சில் அப்படியே நிற்கும். எனக்குப் பிடித்தது அக்கால அலுவலகங்களில் புழங்கிய காப்பியிங் பென்சில். உலர்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டதும் உள்ளிருக்கும் சாயம் கரைந்து ஊதாவாகும். நனைந்த சீட்டு ஊதாவானால் எழுதியவர் எந்த மாதிரி ஆள் என்று ஊகிக்கலாம். தடயம் சும்மா கிடைக்கிறது, விடாதீர்கள்.

தாள் காயும்போது ஈரம் 0க்கு வரலாம், கசிந்த மை திரும்பக் கூடாது. அதனால் 'இதுவரை எட்டிய அதிக ஈரம்' என்று தனியாக ஒரு எண் வையுங்கள். கசிவும் நெளிவும் அதைப் பார்த்தே வரட்டும். முழுத் தாளையும் ஒரே சீராக மங்கலாக்கினால் கண்ணாடியில் ஆவி படிந்தது போலிருக்கும். மடிப்புக்கோட்டிலும் விரல் பிடித்த ஓரத்திலும்தான் முதலில் அழியணும்.

கொடைக்கானல்: எழுத்தை அழித்தால் புள்ளிவட்டம் வருது சார். யூனிட்டியில் (நாங்க விளையாட்டு செய்யும் மென்பொருள்) 'கெ' மாறி விழுது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு, இரண்டு குறியீடுகள். கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ அதைச் செய்வதில்லை. கோடோ 4 என்ற இன்னொரு விளையாட்டு மென்பொருளில் ஹார்ஃப்பஸ் என்ற கோக்கும் நிரல் உள்ளேயே இருக்கிறது. யூனிட்டியை விட முடியாதென்றால் ஹார்ஃப்பஸை இணைத்து, வாசகத்தைப் படமாக்கித் தாளின்மேல் ஒட்டுங்கள். அழிக்கும்போது குறியீடு குறியீடாக அழிக்காமல் முழு எழுத்தாக அழியுங்கள்; க மட்டும் போய்க் கொம்பு தனித்து நின்றால்தான் அந்த வட்டம் வரும்.

நீள வரம்பிலும் கவனம். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 255 பைட் என்று வரம்பு வைத்தால் 85 குறியீடுதான், எழுத்துக் கணக்கில் இன்னும் குறையும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

கூடலூர்: பழைய தாளுக்கு டீ நிறம் பூசினால் போதுமா?

போதாது. மலிவான மரக்கூழ்த் தாள்தான் வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் மஞ்சளாகும், அதுவும் ஓரத்திலிருந்து உள்ளே. மூடிக்கிடந்த நோட்டின் நடுப்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். மலை ஈரத்துக்குச் சிதறலாகப் பழுப்புப் புள்ளிகள் போடுங்கள். ரயில் டிக்கெட் கெட்டி அட்டை, ஏறத்தாழ 57 × 31 மி.மீ.; அதற்கு மடிக்கும் வசதியே வேண்டாம்.

குன்னூர்: வாசகத்தில் காலப்பிழை வராமல் இருக்க?

பின்கோடு 1972இல்தான் வந்தது. கடிதத்தில் 643001 இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். 1957 ஏப்ரலுக்கு முந்தைய கூலிக் கணக்கில் அணா வரணும், 16 அணா ஒரு ரூபாய். அச்சடித்த நோட்டீஸ் என்றால் லை, ளை, ணை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கணும். ணா, றா, னாவும் அப்படியே. 1978 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் இப்போதைய வடிவம். பழைய வடிவங்கள் உள்ள எழுத்துருவை முதலிலேயே தேடி வையுங்கள், கடைசியில் மாற்றினால் வரி நீளம் எல்லாம் குலையும்.