400 ஃபிலிமை 1600-இல் எடுத்தாயிற்று: வீட்டிலேயே கழுவலாமா?

கேள்வி: மங்கலான மேடை நிகழ்ச்சி ஒன்றுக்காக ஹெச்பி5 பிளஸ் (ஐஎஸ்ஓ 400 வேகக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்) ரோல் முழுவதையும் கேமராவில் வேகம் 1600 வைத்து எடுத்துவிட்டேன். லேபில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். என்னிடம் ஃபிலிம் கழுவும் டாங்க்கும், படத்தை எழுப்பும் மருந்தான டி-76 டெவலப்பரும் இருக்கின்றன. வீட்டில் புஷ் செய்தால் படம் வருமா?

பதில்: வரும். முழு ரோலையும் ஒரே வேகத்தில் எடுத்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது.

ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். 400-க்கும் 1600-க்கும் இடையே இரண்டு ஸ்டாப். கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்குதான் ஃபிலிமுக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஈடுகட்ட டெவலப்பரில் கூடுதல் நேரம் வைப்பதுதான் புஷ். முகம், வெள்ளைச் சட்டை எல்லாம் ஏறி வரும். இருட்டு மூலையும் கறுப்புத் தலைமுடியின் இழைகளும் வராது. ஃபிலிமில் பதியாததை எந்த மருந்தாலும் எழுப்ப முடியாது. கான்ட்ராஸ்ட் கூடும், கிரெயின் (படத்தில் தெரியும் மணல் போன்ற துகள்) தடிக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

கரைத்துவைத்த டி-76-ஐ மேலும் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுங்கள். 20 டிகிரி செல்சியஸில் வழக்கமாக 7½ நிமிடம். 1600-க்கு 12½ நிமிடம். மருந்து 24 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய 9 நிமிடம் போதும். அடுத்த முறை மைக்ரோஃபென் என்ற டெவலப்பர் கிடைத்தால் வாங்குங்கள், புஷ்ஷுக்கு அதுவே பொருத்தம்: அதையும் மேலும் தண்ணீர் சேர்க்காமல், 1600-க்கு 20 டிகிரியில் 11 நிமிடம்.

ஏற்கெனவே பல ரோல் கழுவிய டெவலப்பர் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ரோலின் முனையில் நீண்டிருக்கும் நாக்கில் ஒரு துண்டு வெட்டி, விளக்கொளியிலேயே டெவலப்பரில் போடுங்கள். 5 நிமிடத்துக்குள் அது கரியாகக் கறுக்காவிட்டால் அந்த மருந்தைக் கொட்டிவிடுங்கள். இன்னொரு துண்டை ஃபிக்ஸரில் (எழுந்த படத்தை நிலைப்படுத்தும் மருந்து) போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்யுங்கள்.

பலர் கெடுத்துக்கொள்வது குலுக்குவதில்தான். புஷ் என்றதும் விடாமல் ஆட்டுகிறார்கள். கான்ட்ராஸ்ட் கைமீறிப் போகும், ஓரத்துத் துளைகளை ஒட்டிக் கோடு கோடாக விழும். முதல் 10 விநாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குமிழி ஒட்டாமலிருக்க டாங்க்கின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. அதற்கு மேல் தொடாதீர்கள்.

இனி அந்தக் கட்டணம். புஷ்ஷுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, எல்லா ரோலோடும் சேர்த்து ஒரே நேரத்துக்கு ஓட்டிவிட்டு, ஸ்கேனில் வெளிச்சத்தை ஏற்றித் தரும் லேப்கள் உண்டு. நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அதனால் அவை பொய் சொல்லாது. உண்மையாகவே புஷ் செய்திருந்தால் அவை வழக்கத்தைவிட அடர்ந்து, சற்றுத் தடித்திருக்கும். சாதாரணமாகக் கழுவிய இன்னொரு ஹெச்பி5 நெகட்டிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் கொடுத்த பணம் வீண்.

பெயர் ஒட்டாத உருளையில் சுற்றி, 'எந்த வேகத்துக்கும் புஷ் ஆகும்' என்று விற்பதையும் வாங்காதீர்கள். என்ன ஃபிலிம் என்றே தெரியாதபோது நேரத்தை எதைப் பார்த்துக் கணக்கிடுவது?

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஹெச்பி5-ஐத் தயாரிக்கும் இல்ஃபோர்டின் இன்னொரு ஃபிலிமான டெல்டா 3200. பெட்டியில் 3200 என்று பெரிதாக இருக்கிறது. இல்ஃபோர்டின் தொழில்நுட்பத் தாளிலோ அதன் வேகம் ஐஎஸ்ஓ 1000. அதாவது 3200-இல் எடுக்கும்போதே நீங்கள் ஒன்றரை ஸ்டாப்புக்கும் மேல் புஷ் செய்கிறீர்கள். தாளில் 3200-க்குப் போட்டிருக்கும் நேரத்தில் அந்தப் புஷ் அடங்கிவிட்டது. இது தெரியாமல் மேலும் நேரம் கூட்டி, வெளிச்சப் பகுதியெல்லாம் கரியாக அடைத்துப்போன நெகட்டிவோடு நிற்பவர்கள் ஏராளம். 6400-இல் எடுத்தால் 6400-க்கான வரியைப் பாருங்கள், 3200-இல் எடுத்தால் 3200-க்கான வரியைப் பாருங்கள். நீங்களாக ஒரு நிமிடம்கூடச் சேர்க்காதீர்கள். இந்த விவரத்தைப் பெட்டியின் முகப்பிலேயே இரண்டு வரியில் அச்சிட என்ன தடை? வாங்குபவர்தான் தாளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

உங்கள் ஹெச்பி5-க்கு இந்தக் குழப்பம் இல்லை. அடுத்த ரோலைக் கேமராவிலிருந்து எடுத்ததும் உருளையின் மேலேயே பேனாவால் '1600' என்று எழுதிவையுங்கள்.