ஸ்விண்டால் பற்றிக் கேட்டீர்கள்: பதினைந்தாம் இடமும் ஒரு முழ தூரமும்

நோர்வேயின் பனிச்சறுக்கு வீரர் அக்செல் லுண்ட் ஸ்விண்டால் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். நான் பயிற்சியாளனும் இல்லை, பத்திரிகைக்காரனும் இல்லை. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் குடியிருந்து, குளிர்கால வார இறுதிகளைத் தொலைக்காட்சி முன்னால் கழித்த ஆள். தகுதி அவ்வளவுதான்.

கேள்வி (திருச்சியிலிருந்து): அண்ணா, பனிச்சறுக்கு எல்லாம் ஒன்றுதானே? இவர் எதில் கெட்டிக்காரர்?

ஒன்று இல்லை தம்பி. ஸ்விண்டால் ஆடியது மலைச் சரிவில் இறங்கும் ஆட்டம். அதில் டவுன்ஹில் என்பது முழுக்க வேகம்: ஒரே ஓட்டம், திருப்பம் குறைவு, மணிக்கு 130, 140 கிலோமீட்டர். மறுகோடியில் ஸ்லாலம்: கம்புகள் நெருக்கமாக நிற்கும், உடம்பை வளைத்து வளைத்து இரண்டு தடவை இறங்க வேண்டும். ஜயண்ட் ஸ்லாலமும் சூப்பர்-ஜியும் இந்த இரண்டுக்கும் நடுவில். இது போக, வேக ஓட்டம் ஒன்றையும் ஸ்லாலம் ஓட்டம் ஒன்றையும் கூட்டிப் பார்க்கும் கம்பைன்ட்.

உலகக் கோப்பைப் போட்டிகளில் ஸ்விண்டாலுக்கு 36 வெற்றிகள். சூப்பர்-ஜியில் 17, டவுன்ஹில்லில் 14, ஜயண்ட் ஸ்லாலத்தில் 4, கம்பைன்டில் 1. ஸ்லாலத்தில் பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

சூப்பர்-ஜி ஏன் இவ்வளவு என்று என்னைக் கேட்டால் இதுதான் காரணம். டவுன்ஹில்லுக்கு முந்தைய நாட்களில் அதே பாதையில் பயிற்சி ஓட்டம் உண்டு. சூப்பர்-ஜிக்குக் கிடையாது. காலையில் பாதையோரமாக மெல்ல இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம், அடுத்தது போட்டிதான். மலையை ஒருமுறை பார்த்து மனப்பாடம் செய்பவனுக்கான ஆட்டம் அது. ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற எடையும் இருந்ததால் அவரை முரட்டு ஆள் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அவர் நன்றாகப் படிக்கிற பையன்.

கேள்வி (சென்னையிலிருந்து): பெயரை எப்படிச் சொல்வது?

ஸ்விண்டால் என்றால் போதும். "டால்" என்பது நோர்வீஜிய மொழியில் பள்ளத்தாக்கு. நடுவில் வரும் லுண்ட் அம்மா வழிப் பெயர். அந்த அம்மாவை எட்டு வயதிலேயே இழந்தவர் அவர். பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் தடுக்கி விழுவது மற்ற நோர்வே வீரர்களிடம்தான்: எழுத்தைப் பார்த்து "ஆமோட்" என்கிறார்கள், அது ஓமோட். "க்ஜூஸ்" என்று எழுதுகிறார்கள், அது கிட்டத்தட்ட ஷூஸ். ஸ்லாலம் என்ற சொல்லும் நோர்வேயிலிருந்து போனதுதான். "ஸ்லா" சரிவு, "லோம்" சறுக்கிய தடம்.

கேள்வி (மதுரையிலிருந்து): அவருடைய உச்சம் எது? 2018 ஒலிம்பிக் தங்கம்தானே?

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். என் விடை வேறு: 2007 மார்ச், சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடில் அவர் பிடித்த பதினைந்தாம் இடம்.

சிரிக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். உலகக் கோப்பையில் ஒரு போட்டியை வென்றால் 100 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 80, மூன்றாம் இடத்துக்கு 60, இப்படிக் குறைந்துகொண்டே போகும். பருவம் முழுவதும் சேர்ந்த புள்ளியில் யார் மேலே நிற்கிறாரோ அவருக்குப் பெரிய படிகக் கோளம். அந்த வருடம் மோதியவர்கள் ஸ்விண்டாலும் ஆஸ்திரியாவின் பெஞ்சமின் ரைச்சும். ரைச் ஸ்லாலத்தில் மன்னன். கடைசி வாரத்தில் நான்கு போட்டிகள். டவுன்ஹில், சூப்பர்-ஜி, ஜயண்ட் ஸ்லாலம் மூன்றையும் ஸ்விண்டால் வரிசையாக வென்றார். மிச்சம் ஒரே ஒரு ஸ்லாலம். கையில் இருந்த முன்னிலை 97 புள்ளி. ரைச் வென்றால் 100. அதாவது ஸ்விண்டால் ஒன்றுமே எடுக்காவிட்டால் 3 புள்ளியில் கோளம் போய்விடும்.

ரைச் வென்றே விட்டார். பருவத்தின் இறுதி வாரத்தில் முதல் பதினைந்து பேருக்கு மட்டும்தான் புள்ளி, பதினாறாவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஸ்விண்டால் பதினைந்தாவது. 16 புள்ளி. கோளம் 13 புள்ளி வித்தியாசத்தில் அவருக்கு.

ஒரு ஸ்லாலம்கூட வெல்லாத ஆள் வாழ்க்கையிலேயே முக்கியமான நாளில் ஸ்லாலத்தில் விழாமல், வேகத்தையும் விடாமல், வாசற்படியில் ஒரு கால் வைத்து உள்ளே வந்துவிட்டார். பதக்க மேடையில் நிற்கும் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு இதுதான்.

கேள்வி (மதுரை நண்பரே மறுபடியும்): சரி, 2009-இல் இரண்டு புள்ளியில் ஜெயித்தாரே, அது அதிர்ஷ்டம் இல்லையா?

1009-க்கு 1007. எதிராளி அதே ரைச், பாவம். கடைசி ஸ்லாலத்தில் ரைச் பாதையை முடிக்காமல் வெளியேறினார். அதிர்ஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பருவம் எங்கிருந்து தொடங்கியது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல உங்களுக்கே மனசு வராது. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி (கொழும்பிலிருந்து): அந்த விபத்து எவ்வளவு மோசம் அண்ணா? படம் பார்த்து பயந்துவிட்டேன்.

மோசம்தான் தங்கச்சி. 2007 நவம்பர் 27, அமெரிக்காவின் கொலராடோவில் பீவர் க்ரீக். போட்டிகூட இல்லை, டவுன்ஹில் பயிற்சி ஓட்டம். ஒரு தாண்டலில் காற்றிலேயே நிலை தவறி, வலையில் போய் மோதினார். முகத்து எலும்புகளும் மூக்கும் உடைந்தன. ஸ்கீ என்ற சறுக்குப் பலகையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அது தொடை இடுக்கிலிருந்து அடிவயிறு வரை ஆழமாகக் கிழித்துவிட்டது. முதல் கோளத்தை வாங்கிய எட்டாவது மாதம் இது. அந்தப் பருவம் அதோடு முடிந்தது.

அடுத்த வருடம் டிசம்பரில் அதே பீவர் க்ரீக்குக்குத் திரும்பினார். அதே மலை, அதே தாண்டல். டவுன்ஹில்லை வென்றார். மறுநாள் சூப்பர்-ஜியையும் வென்றார். அப்படித் தொடங்கிய பருவத்தைத்தான் இரண்டு புள்ளியில் முடித்தார்.

பயமே இல்லாதவர் என்று இதை எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பயமில்லாதவனுக்கு டவுன்ஹில்லில் ஆயுள் குறைவு. இவர் 2001-இலிருந்து 2019 வரை உலகக் கோப்பையில் இருந்தார்.

கேள்வி (கோவையிலிருந்து, ஐந்தாறு பேர்): ஒலிம்பிக் பதக்கங்களை வரிசையாகச் சொல்ல முடியுமா?

2010 வான்கூவரில் மூன்று நிறமும் வந்தது. டவுன்ஹில்லில் வெள்ளி, சுவிஸ் வீரர் திதியே தெஃபாகோவுக்குப் பின்னால் 0.07 நொடி. சூப்பர்-ஜியில் தங்கம். ஜயண்ட் ஸ்லாலத்தில் வெண்கலம். 2014 சோச்சியில் ஒன்றும் இல்லை, டவுன்ஹில்லில் நான்காம் இடம். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் டவுன்ஹில் தங்கம். காற்று பலமாக வீசியதால் நாலு நாள் தள்ளிப்போன போட்டி அது. இங்கே நேரப்படி விடியுமுன் நடந்தது. எங்கள் தெருவில் அந்த நேரத்தில் எத்தனை வீட்டில் விளக்கு எரிந்தது என்று நான் எண்ணினேன், பாதிக்கு மேல். அணித் தோழர் ஷெட்டில் யான்ஸ்ரூட் 0.12 நொடியில் இரண்டாவது. ஒலிம்பிக் டவுன்ஹில்லை வென்ற முதல் நோர்வேக்காரர் ஸ்விண்டால். வயது 35, அதுவரை அந்த வயதில் யாரும் மலைச்சறுக்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியதில்லை.

உலக சாம்பியன்ஷிப் பதக்கங்கள் தனி: ஐந்து தங்கம், இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம். 2007, 2009, 2011, 2013 என நான்கு சாம்பியன்ஷிப்பிலும் தொடர்ந்து தங்கம்.

கேள்வி (சேலத்திலிருந்து): கால்பந்து விளையாடிக் காலைக் கெடுத்துக்கொண்டாராமே, நிஜமா?

நிஜம். 2014 அக்டோபர், பருவம் தொடங்கும் நேரத்தில் ஆஸ்திரியாவின் சோல்டனில். பந்தைத் தட்டி விளையாடும்போது குதிகால் தசைநாண் அறுந்துபோனது. 140 கிலோமீட்டர் வேகத்தில் தப்பித்த கால் அது.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல் போட்டியை அவர் வெல்லவே இல்லை என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

பாதி சரி. கிட்ஸ்பூலின் சூப்பர்-ஜியை 2013, 2016, 2018 என மூன்று முறை வென்றிருக்கிறார். ஆனால் அந்த ஊரின் புகழே ஸ்ட்ரைஃப் என்ற டவுன்ஹில் பாதையால்தான். 3.3 கிலோமீட்டர் நீளம், மேலிருந்து கீழே 860 மீட்டர் இறக்கம். அதை அவர் வெல்லவில்லை. 2014-இல் இரண்டாம் இடம் வரை வந்தார்.

2016-இல்தான் வலிக்கிறது. அந்தப் பருவத்தில் ஏழு வெற்றி. முந்தின வாரம் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் டவுன்ஹில்லையும், முதல் நாள் கிட்ஸ்பூலில் சூப்பர்-ஜியையும் வென்றுவிட்டுத்தான் ஸ்ட்ரைஃபில் இறங்கினார். கீழ்ப்பகுதியில் ஹவுஸ்பெர்க் என்ற இடத்தில் வெளிச்சம் மங்கலாகவும் தரை குண்டும் குழியுமாகவும் இருந்தது. அதே இடத்தில் அன்று மூன்று பேர் விழுந்தார்கள். ஸ்விண்டாலுக்கு வலது முழங்காலில் தசைநார் அறுந்தது, உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் சேதம். அந்த முழங்கால் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பியோங்சாங் தங்கம் அந்த முழங்காலோடு வாங்கியது.

கேள்வி (பெங்களூரிலிருந்து ஒரு மருத்துவர்): அப்படியானால் சரியான நேரத்தில் விலகினாரா?

என் கணிப்பில் ஆமாம் டாக்டர், அதுவும் கச்சிதமாக. 2019 ஜனவரியில் கிட்ஸ்பூலில் வைத்தே அறிவித்தார். கடைசிப் போட்டி பிப்ரவரி 9, ஸ்வீடனின் ஓரேயில் உலக சாம்பியன்ஷிப் டவுன்ஹில். பனி கொட்டியதால் பாதையைக் குறைத்து நடத்தினார்கள். யான்ஸ்ரூட் சில வாரம் முன்புதான் கை எலும்பு முறிந்தவர். அவர் முதலிடம், ஸ்விண்டால் இரண்டாம் இடம். வித்தியாசம் 0.02 நொடி. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது சுமார் 55 சென்டிமீட்டர், ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் கூட. பதினெட்டு வருடத்தின் கடைசி இறக்கத்தில் ஒரு முழம் பின்னால். இறங்கி வந்து சிரித்துக்கொண்டே யான்ஸ்ரூட்டைக் கட்டிப்பிடித்தார்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து): நோர்வேயின் ஆகச் சிறந்த வீரர் இவர்தானா?

பதக்கத்தை எண்ணினால் இல்லை. ஷெட்டில் ஆந்த்ரே ஓமோட்டுக்கு எட்டு ஒலிம்பிக் பதக்கம், அதில் நாலு தங்கம். லாஸ்ஸே ஷூஸ் 1999 உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்து போட்டியிலும் பதக்கம் வாங்கியவர். பெரிய கோளத்தை ஷூஸும் இரண்டு முறை வாங்கியிருக்கிறார். எல்லா வகையிலும் வல்லவன் வேண்டுமென்றால் இவர்களில் ஒருவரைச் சொல்லுங்கள். விழுந்து எழுந்தவர்களில் யார் என்று கேட்டால் நான் ஸ்விண்டாலைச் சொல்வேன்.

கேள்வி (ஈரோட்டிலிருந்தே): இப்போது என்ன செய்கிறார்?

2022-இல் தனக்கு விதைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுவை சிகிச்சை முடிந்ததாக அவரே வெளியில் சொன்னார். ஏதோ மாற்றம் தெரிந்ததும் டாக்டரிடம் போனதால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். இதை ஆண்கள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள், நாம் வாயைத் திறக்காத விஷயம். மறுபடி போட்டிக்குத் திரும்பியிருந்த அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வானின் பயிற்சிக் குழுவில் 2025-இல் சேர்ந்தார்.

கேள்வி (நோர்வேயின் லோரன்ஸ்கூகிலிருந்து ஒரு அம்மா): என் மகனுக்கு ஏழு வயது. பள்ளியில் எல்லாரும் சறுக்குகிறார்கள், இவன் மட்டும் பயந்து நிற்கிறான். எங்கே தொடங்குவது?

அக்கா, நீங்கள் இருக்கும் ஊரில்தான் ஸ்விண்டால் பிறந்தார், 1982 டிசம்பர் 26. மகனிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். 2020-இல் உங்கள் ஊரிலேயே ஸ்னோ என்ற உள்ளரங்கப் பனி மண்டபம் திறந்தார்கள். கோடையிலும் உள்ளே பனி இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கான மெதுவான சரிவும் உண்டு. முதல் வருடம் எதையும் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். பிள்ளைகளின் கால் ஒரு பருவத்தில் வளர்ந்துவிடும். தலைக்கவசம் கட்டாயம். முதல் நாளே நிற்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், இறங்குவது பிறகு. அப்புறம் கையுறை இரண்டு சோடி கொண்டு போங்கள், ஒன்று அரை மணி நேரத்தில் நனைந்துவிடும்.