மைதானத்துக் கணக்கு: பின்னமும் தசமமும்

பள்ளிகளில் விளையாட்டு விழா நெருங்குகிறது. நீலகிரி மாணவர்களும் பெற்றோரும் விளையாட்டு ஆசிரியர்களும் கேட்ட கணக்குச் சந்தேகங்களுக்குக் கோத்தகிரியில் கணிதம் நடத்தும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

குன்னூர், ஏழாம் வகுப்பு மாணவன்: டீச்சர், எங்கள் டீம் 15.3 ஓவரில் 124 ரன் எடுத்தது. கால்குலேட்டரில் வகுத்தால் ரன் ரேட் (ஓவருக்கு எத்தனை ரன்) 8.10 வருகிறது. ஸ்கோர் ஆப்பில் 8.00 என்று இருக்கிறது. எது சரி?

ஆப் சொல்வதுதான் சரி, தம்பி. ஸ்கோர் கார்டில் உள்ள அந்தப் புள்ளி தசமப் புள்ளியே இல்லை. 15.3 என்றால் 15 ஓவர், 3 பந்து. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் 3 பந்து என்பது 3/6, அதாவது அரை ஓவர். ஆகவே 15.5 ஆல் வகு: 124 ÷ 15.5 = 8. கால்குலேட்டர் பத்துப் பத்தாகத்தான் எண்ணும், ஓவரோ ஆறு ஆறாகப் போகிறது.

கூட்டும்போதும் இதே கதைதான். ஒரு பவுலர் முதல் ஸ்பெல்லில் 2.4 ஓவரும் அடுத்ததில் 1.5 ஓவரும் போட்டால் மொத்தம் 3.9 இல்லை. பந்தாக்கிப் பார்: 16 + 11 = 27 பந்து. அது 4.3 ஓவர்.

இன்னொன்று. 15.2 ஓவரில் 138 ரன் என்றால் 2 பந்தை 0.33 என்று எழுதாதே. 15⅓ = 46/3 என்றே வைத்துக்கொள். 138 × 3/46 = 9, துல்லியமாக வந்துவிடும். 15.33 போட்டால் 9.002 என்று வரும், நீயும் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருப்பாய். மூன்றில் ஒன்று வந்தால் கடைசி வரை பின்னத்தை விடாதே.

கூடலூர், ஒரு தந்தை: 800 மீட்டரை என் மகன் 2 நிமிடம் 45 விநாடியில் ஓடினான். நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்க்க 2.45 ஆல் வகுத்தான். சரியா?

இல்லைங்க. ஓவரில் வரும் அதே தவறுதான் இதுவும். 45 விநாடி என்பது 45/60, அதாவது முக்கால் நிமிடம். 2.75 ஆல் வகுத்தால் சுமார் 291 மீட்டர். 2.45 ஆல் வகுத்தால் 326 தாண்டிவிடும். 35 மீட்டர் சும்மா கூடுகிறது!

கோத்தகிரி, ஒரு தாய்: எங்கள் பள்ளி மைதானம் சின்னது. ஒரு சுற்று 160 மீட்டர்தான். மகள் 1500 மீட்டர் ஓடப் பழகுகிறாள். எத்தனை சுற்று, எங்கே தொடங்க வேண்டும்?

மலையில் 400 மீட்டர் டிராக் போடும் அளவுக்குச் சமதளம் எத்தனை பள்ளிக்குக் கிடைக்கும்! 1500 ÷ 160 செய்தால் 9 முழுச் சுற்று, மீதி 60 மீட்டர். 60/160 = 3/8. ஆக 9⅜ சுற்று.

அந்த 3/8-ஐ முதலிலேயே ஓடிவிட வேண்டும். முடிவுக் கோட்டுக்கு 60 மீட்டர் முன்னால் நின்று கிளம்பட்டும். கோட்டைத் தொட்டதும் ஒன்பது சுற்று பாக்கி, முடிவது கோட்டிலேயே. 400 மீட்டர் டிராக்கிலும் இதே முறைதான். அங்கே 1500 என்பது 3¾ சுற்று, அதனால்தான் தொடக்கக் கோடு தனியாக இருக்கிறது.

ஊட்டி, ஆறாம் வகுப்பு மாணவி: நீளம் தாண்டுதலில் நான் 3.4 மீட்டர், என் தோழி 3.38. நாலை விட முப்பத்தெட்டு பெரியது, அவள்தான் ஜெயித்தாள் என்கிறார்கள்.

நீதான் ஜெயித்தாய் கண்ணு. 3.4 என்பது 3.40, இரண்டு செ.மீ. அதிகம். எப்போதும் இரண்டு இடம் எழுதிவிட்டு ஒப்பிடு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடி, மூன்றாவதாக வந்தவர் 55.41. புள்ளிக்குப் பின் வரும் அந்த இரண்டாம் இலக்கத்தில்தான் வெண்கலம் போனது.

குந்தா, எட்டாம் வகுப்பு மாணவன்: ஹவுஸில் 60 பேர். 2/5 பேர் ஓட்டம், மீதியில் 1/3 பேர் கோ-கோ, மற்றவர்கள் கபடி. கபடிக்கு 16 பேர் என்று வந்தது, விடையில் 24.

60-க்கே 1/3 போட்டுவிட்டாய். ஐந்து கட்டம் போட்டுக்கொள், ஒவ்வொன்றும் 12 பேர். ஓட்டத்துக்கு இரண்டு கட்டம் போனால் மிச்சம் மூன்று. அதில் மூன்றில் ஒன்று ஒரு கட்டம், அது கோ-கோ. கபடிக்கு இரண்டு கட்டம், 24.

மஞ்சூர், விளையாட்டு ஆசிரியர்: 100 மீட்டருக்கு மூன்று ஸ்டாப்வாட்ச் பிடித்தோம்: 13.21, 13.28, 13.34. சராசரி எடுக்கலாமா?

வேண்டாம் சார். கையால் பிடிக்கும் நேரத்துக்குத் தடகள விதியில் சராசரி கிடையாது. இரண்டு வாட்ச் ஒத்துப்போனால் அந்த நேரம், மூன்றும் வேறானால் நடுவில் உள்ளது. அதோடு வகுப்பில் சொல்லித்தரும் முழுமையாக்கலும் இங்கே செல்லாது. நூறில் ஒரு பங்கு இருந்தாலே அடுத்த பத்தில் ஒன்றுக்கு ஏற்ற வேண்டும். 13.21 கூட 13.3 ஆகும். உங்கள் மூன்றும் 13.3, 13.3, 13.4, ஆகவே 13.3 என்று பதியுங்கள். தாண்டுதலில் இது தலைகீழ்: செ.மீ.க்குக் கீழே உள்ளதை விட்டுவிட வேண்டும். ஓடாத வேகமும் தாண்டாத தூரமும் யார் கணக்கிலும் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு விதியும்.