வெஸ்ட்வில்காரர் வீட்டை இடம் மாற்றிவிடாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தமிழ்ச் சபாவின் உறுப்பினர் பட்டியல் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. டர்பன் நகரத்துக் கடைக்காரர்கள் பலருக்கு முகவரி இன்னும் 'வெஸ்ட் ஸ்ட்ரீட்'தான். புதுப் பெயர் போட, மென்பொருள் செய்துகொடுத்தவர் முகவரிக்கு இத்தனை ராண்ட் என்கிறார். நாங்களே மாற்ற முடியாதா?

பதில்: முடியும். பத்து முகவரியோ பத்தாயிரமோ, வேலை இந்த ஒரு வரிக் கட்டளைதான் (இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில்):

அப்டேட் உறுப்பினர் செட் முகவரி = ரீபிளேஸ்(முகவரி, 'வெஸ்ட் ஸ்ட்ரீட்', 'டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட்') வேர் முகவரி லைக் '%வெஸ்ட் ஸ்ட்ரீட்%'

இதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது பகல் கொள்ளை. நகராட்சி பெயர் மாற்றி எத்தனையோ வருஷமாகிறது. இன்னும் ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு பெயர். இந்தக் குழப்பத்தில்தான் இப்படிப்பட்டவர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

'ஸ்ட்ரீட்' என்பதை விட்டுவிட்டு 'வெஸ்ட்' என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். டர்பனை ஒட்டிய வெஸ்ட்வில்லில் குடியிருப்பவர் 'டாக்டர் பிக்ஸ்லி காசெமேவில்' வாசியாகிவிடுவார். தமிழில் படித்தால் வேற்றுமை உருபு சேர்ந்த மாதிரிகூட இருக்கும், தபால்தான் போய்ச் சேராது. ரீபிளேஸுக்கு ஊர், தெரு எதுவும் தெரியாது; எழுத்து பொருந்தினால் மாற்றிவிடும். செய்த பிறகு 'அன்டூ' பொத்தானும் கிடையாது. அதனால் முதலில் பட்டியலுக்கு ஒரு நகல். பிறகு அதே 'வேர்' நிபந்தனையை, எதையும் மாற்றாமல் தேடிக் காட்டும் செலக்ட் கட்டளையில் போட்டு, வரும் வரிகளைக் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று, இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லில் வரிகளைத் தேடும் 'லைக்' வழக்கமாக ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை; ரீபிளேஸ் பார்க்கும். யாரோ ஒருவர் முகவரி முழுவதையும் பெரிய எழுத்தில் தட்டியிருந்தால் செலக்டில் அந்த வரி வரும், அப்டேட்டில் மாறாது. பிழைச் செய்தியும் வராது. நூறு வரி தேடலில் வந்து எண்பதுதான் மாறியது என்றால் காரணம் அநேகமாக இதுதான். மாற்றியதும் செலக்டை மறுபடி ஓட்டுங்கள். மிச்சம் வருபவை எப்படித் தட்டப்பட்டிருக்கின்றனவோ, அச்சு அசலாக அப்படியே பழைய பெயரைக் கொடுத்து அப்டேட்டை இன்னொரு முறை.

'ரீபிளேஸ் இன்டூ' என்று வேறொரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து அதைத் தொடாதீர்கள். அது பழைய வரியையே அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்.

பாஸ்வேர்டைத் தரமாட்டேன் என்று அவர் இழுத்தால் கமிட்டியில் வைத்துக் கேளுங்கள். மென்பொருள் அவருடையதாக இருக்கலாம், உறுப்பினர் பட்டியல் சபாவுடையது.