விசுவாசம் யாரிடம்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன். வெகுநாளாக மனதில் கிடக்கும் ஒரு குறையைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பத்து வருடங்களுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். பெரிய சண்டை, சின்னச் சண்டை என்று பிரிப்பதில்லை. எந்த நேரமானாலும், பெரிய சண்டைகளுக்கு முன்னால் வரும் முதல் பிரிலிம்ஸிலிருந்தே உட்கார்ந்துவிடுவேன். என் நண்பர்கள் சிலர் நட்சத்திர வீரர் கானர் மெக்ரெகரைப் பார்க்க வந்தவர்கள். அவர் மோதிய நாட்களில் என்னைவிடச் சத்தம் போட்டார்கள். அவர் ஓய்ந்ததும் காணாமல் போய்விட்டார்கள். இப்போதும் பெரிய பெயர் வந்தால் மட்டும் போன் செய்து “எத்தனை மணிக்கு?” என்கிறார்கள். சண்டை தரைக்குப் போய் இருவரும் கட்டிப் புரண்டால் “எழுப்பி விடுங்கப்பா” என்று அலுத்துக்கொள்கிறார்கள். சமீபத்தில் ஒருவன், தொடர்ந்து 12 சண்டை ஜெயித்த வீரரைப் பற்றி, “டோனி ஃபெர்குசனா, யார் அது?” என்று கேட்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் இந்தச் சண்டைகளை நடத்தும் யு.எஃப்.சி. கம்பெனி இவர்களைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. யாரோடு யார் மோதுவது என்பதைக்கூட இவர்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நல்லது கெட்டது எல்லாவற்றிலும் கூடவே நிற்கும் எங்களைப் போன்ற ஹார்ட்கோர் ரசிகர்களுக்கு என்ன மரியாதை? எங்கள் விசுவாசத்துக்கு மதிப்பே இல்லையா?

எம்.

*

அன்புள்ள எம்,

உங்கள் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. 2012 செப்டம்பரில் டொராண்டோவில் நடந்த யு.எஃப்.சி. 152-ஐ நினைத்துப் பாருங்கள். முதல் ஃபிளைவெயிட் (எடை குறைந்தவர்களுக்கான பிரிவு) பட்டத்துக்காக டெமெட்ரியஸ் ஜான்சனும் ஜோசப் பெனவிடஸும் மோதினார்கள். ஐந்து ரவுண்டும் கண் இமைக்க விடாத வேகம். ஆனால் கூட்டத்தில் பலர் கூச்சலிட்டார்கள். நாக் அவுட் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். அந்தச் சண்டை பிடிக்காதவர்கள் இனி எங்கள் நிகழ்ச்சியை வாங்கவே வேண்டாம், உங்கள் பணம் எனக்குத் தேவையில்லை என்று கம்பெனித் தலைவர் டேனா வைட் பிறகு கோபமாகப் பேசினார். ஹார்ட்கோர் ரசிகர்களுக்கு அன்று நெஞ்சு குளிர்ந்திருக்கும்.

அப்புறம் நடந்ததையும் பார்க்கலாம். ஜான்சன் அந்தப் பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை காத்தார். பதினொன்றாவது, 2017 அக்டோபரில் யு.எஃப்.சி. 216-இல். எதிரே ரே போர்க். ஐந்தாம் ரவுண்டில் ஜான்சன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துப் போர்க்கைத் தூக்கி வீசுகிறார். வீசியவுடன் யாராக இருந்தாலும் மேலே போய் விழத்தான் பார்ப்பார்கள். இவரோ, போர்க்கின் உடல் காற்றில் இருக்கும்போதே பிடியை மாற்றிக் கையைக் கவ்விவிடுகிறார். போர்க் தரையைத் தொடும்போது ஆர்ம்பார் (கைமூட்டை வளைக்கும் பிடி) பாதி விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் போர்க் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிட்டார். தொடர்ந்து பட்டம் காத்ததில் ஆண்டர்சன் சில்வாவின் 10 என்ற சாதனை அந்த நொடியில் உடைந்தது. இந்த விளையாட்டில் நான் பார்த்த மிக அழகான விஷயம் அதுதான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹென்றி செஹுடோவிடம் மிக நெருக்கமான தீர்ப்பில் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அக்டோபரில் கம்பெனி அவரை ஒன் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு அங்கிருந்த வீரர் பென் ஆஸ்க்ரனை வாங்கிக்கொண்டது. நாமெல்லாம் திட்டித் தீர்த்தோம். திட்டிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு உட்கார்ந்தோம்.

கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் விசுவாசத்துக்கு மதிப்பு இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது, துல்லியமாக விலையே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் பே-பெர்-வியூ (ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாகப் பணம் கட்டிப் பார்ப்பது) ஈஎஸ்பிஎன் பிளஸ் என்ற இணையச் சேவைக்குப் போனபோது ஒரு நிகழ்ச்சி 59.99 டாலர். 2020-இல் 64.99, 2021-இல் 69.99, 2022-இல் 74.99, 2023-இல் 79.99. மாதச் சந்தா தனி. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வாங்கும் கேஷுவல் ரசிகருக்கு இந்த ஏற்றம் பெரிதாக உறைத்திருக்காது. ஒன்று விடாமல் வாங்குகிறவர் தலையில்தான் முழுச் சுமையும் விழுந்தது. அவர் போகமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு ஆண்டும் ஐந்து டாலர் ஏற்றினார்கள். போகமாட்டாதவரை யாராவது கெஞ்சிக் கூத்தாடி அழைப்பார்களா? வருவாரா மாட்டாரா என்று தெரியாதவருக்குத்தான் சிவப்புக் கம்பளம். பிறகு 2025 ஆகஸ்டில் பாரமவுன்ட் நிறுவனத்தோடு 7 ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2026 முதல் அமெரிக்காவில் பே-பெர்-வியூவே இல்லை, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தார்கள். அத்தனை வருடம் 60, 70, 80 என்று கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றிகூடத் தனியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

இதற்காக உங்கள் நண்பர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன்? விலை ஏற்றியவர்கள் அவர்கள் இல்லை.

கேஷுவல் ரசிகரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. எலைட் எக்ஸ்சி என்று ஒரு கம்பெனி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இணைய வீடியோக்களில் தெருச்சண்டை போட்டுப் புகழ்பெற்ற கிம்போ ஸ்லைஸை வைத்து 2008 மே மாதம் சிபிஎஸ் தொலைக்காட்சியின் பிரைம் டைமில் நிகழ்ச்சி நடத்தினார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் பார்த்தது. அக்டோபரில் அவரோடு மோத வேண்டிய கென் ஷாம்ராக் கடைசி நேரத்தில் காயம்பட்டு விலக, மாற்றாக சேத் பெட்ருசெல்லி இறங்கினார். 14 நொடிகளில் கிம்போ விழுந்தார். அந்த மாதமே கம்பெனியும் இழுத்து மூடப்பட்டது. ஒரே ஆளைப் பார்க்க வந்த கூட்டம், அந்த ஆள் விழுந்ததும் போய்விட்டது. அந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்க அடியில் வேறு ரசிகர் கூட்டம் இருக்கவில்லை.

மறுபக்கம், 1990-களின் கடைசியில் கேபிள் நிறுவனங்கள் யு.எஃப்.சி.யைக் கைவிட்ட காலத்தில், அதைப் பிடித்து வைத்திருந்தது சிறு கூட்டம்தான். கேசட் தேடிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் இல்லையென்றால் 2001-இல் புதிய முதலாளிகள் 20 லட்சம் டாலருக்கு வாங்கக்கூட எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் அவர்களை மட்டும் வைத்து கம்பெனியால் லாபம் பார்க்க முடியவில்லை. கோடிக்கணக்கில் நஷ்டம். 2005 ஏப்ரல் 9 அன்று ஸ்பைக் டிவியில் ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீபன் போனரும் மூன்று ரவுண்டு அடித்துக்கொண்டதைச் சும்மா சேனல் மாற்றும்போது பார்த்தவர்கள்தான் கம்பெனியைக் கரையேற்றினார்கள். அந்த இரவு புதிதாக வந்தவர்களைப் பழைய ரசிகர்கள் ஏளனம் செய்தார்கள் என்பதும் உண்மை. ஏளனம் செய்யப்பட்டவர்களில் பலர் இன்று பழைய ரசிகர்கள்.

சரி, ஃபெர்குசனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான்.

ஜான்சன் போர்க்கை மடக்கிய அதே இரவில், அதே யு.எஃப்.சி. 216-இல், மெயின் ஈவென்ட் (கடைசியில் வரும் முக்கியச் சண்டை) ஃபெர்குசனுடையது. கெவின் லீயை மூன்றாம் ரவுண்டில் முக்கோணப் பிடியில் மடக்கி இடைக்கால லைட்வெயிட் பட்டம் வாங்கினார். கபீப் நுர்மகமெதோவோடு அவர் மோத வேண்டும் என்று நாம் எத்தனை வருடம் காத்திருந்தோம்! ஐந்து முறை அறிவித்தார்கள். ஒருமுறை ஃபெர்குசனுக்கு நுரையீரலில் கோளாறு. இன்னொருமுறை எடை குறைக்கும்போது கபீப் மருத்துவமனைக்குப் போனார். 2018-இல் சண்டைக்குச் சில நாட்களே இருக்கும்போது, தொலைக்காட்சிப் பேட்டிக்குப் போன இடத்தில் கேபிள் தடுக்கி ஃபெர்குசனுக்கு முட்டி போயிற்று. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை. இடைக்காலப் பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது முறை, 2020 ஏப்ரலில், உலகமே முடங்கிவிட்டது.

அந்த மே 9 அன்று ஆளில்லாத அரங்கில் கபீப்புக்குப் பதிலாக ஜஸ்டின் கேத்ஜியோடு மோதினார். தொடர்ந்து 12 வெற்றிகளோடு உள்ளே போனவர். ஐந்து ரவுண்டு வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. கூட்டம் இல்லாததால் ஒவ்வொரு குத்தும் தனித்தனியாகக் கேட்டது. ஐந்தாம் ரவுண்டில் நடுவர் ஹெர்ப் டீன் நிறுத்தியபோதும் அவர் கீழே விழவில்லை. தலையை உதறிக்கொண்டு விலகிப் போனார். அதையும் சேர்த்து 2024 ஆகஸ்டு வரை தொடர்ந்து 8 தோல்விகள்.

இப்போது ஒன்று கேட்கிறேன், எம். அந்த எட்டுத் தோல்விகளின்போது அவரைக் கேலி செய்தது யார்? மீம் போட்டது யார்? “ஆள் காலி, எப்போதோ முடிந்துவிட்டது” என்று ஒவ்வொரு தோல்விக்கும் கைதட்டி எழுதியது யார்? உங்கள் நண்பர் இல்லை. அவருக்குத்தான் ஃபெர்குசன் யாரென்றே தெரியாதே. எல்லாம் நம் ஆட்கள். அவருடைய எல்லாச் சண்டைகளையும் பார்த்தவர்கள், 12 வெற்றிகளையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்கள். ரோண்டா ரௌசிக்கும் இதே கதிதான். யு.எஃப்.சி.யில் பெண்களுக்கு 2013-இல் கதவைத் திறந்தவர் அவர். 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹாலி ஹோமின் உதையில் விழுந்தபோது, அவருக்காக வந்தவர்கள் வருத்தப்பட்டுக் கலைந்தார்கள். ஹார்ட்கோர் கூட்டத்தில் பலர் கொண்டாடினார்கள். “அவளுக்குக் குத்துச்சண்டையே தெரியாது என்று நான் அப்போதே சொன்னேன்” என்றார்கள்.

இதைத்தான் நான் விசுவாசம் என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறேன். எல்லாவற்றையும் பார்ப்பது விசுவாசம் ஆகாது. அது பழக்கம், ஆசை, சில சமயம் கர்வம். மெக்ரெகரைப் பார்க்க வந்து, அவர் இல்லாததும் போனவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நாம் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படியானால் யாருக்குக் கொடுத்தோம் என்பதில் தெளிவு வேண்டும்.

உங்கள் நண்பருக்கு ஒன்று செய்யுங்கள். 2018 அக்டோபரில் நடந்த யு.எஃப்.சி. 229, மெக்ரெகர் கபீப்போடு மோதிய அதே இரவு, அவர் நிச்சயம் பார்த்திருப்பார். அதற்கு முந்தைய சண்டை ஃபெர்குசனுக்கும் ஆன்டனி பெட்டிஸுக்கும். முட்டி போய் ஆறு மாதம் ஆனவர். இரண்டாம் ரவுண்டில் அடி வாங்கி விழுந்தார், உருண்டார், முகமெல்லாம் ரத்தத்தோடு எழுந்து திரும்பத் துரத்தினார். கை உடைந்த பெட்டிஸை அவர் தரப்பே அடுத்த ரவுண்டுக்கு அனுப்பவில்லை. அதை மட்டும் போட்டுக் காட்டுங்கள். பெயர் தெரியாததற்காகக் கோபப்பட்டால் அவர் அடுத்த முறை உங்களிடம் கேட்கவே மாட்டார்.

விசுவாசத்தைக் காட்ட இடம் வேண்டும் என்றால் அது வேறெங்கோ இருக்கிறது. குங் லீ, ஜான் ஃபிட்ச், நேட் குவாரி ஆகிய வீரர்கள் 2014 டிசம்பரில் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். போட்டி நிறுவனங்களை ஒழித்துக்கட்டி வீரர்களின் ஊதியத்தை அமுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது புகார். கம்பெனி 33.5 கோடி டாலர் தருவதாகச் சொன்ன சமரசத்தை 2024-இல் நீதிபதியே போதாதென்று நிராகரித்தார். கடைசியில் 37.5 கோடி டாலருக்கு முடிந்து, 2025 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அதில் பங்கு உண்டு. பத்து வருடங்களுக்கு மேல் நடந்த இந்த வழக்கைக் கேஷுவல் ரசிகர் தெரிந்துவைத்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்த நம்மில் எத்தனை பேர் “கையெழுத்துப் போட்டார்கள் இல்லையா, அப்புறம் என்ன புலம்பல்?” என்று கம்பெனிக்காக வாதாடினோம்! நீங்கள் விடாமல் பார்க்கும் முதல் பிரிலிம்ஸில் இறங்கும் புதியவருக்கு, வந்து சண்டை போட 12,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு 12,000 என்பதுதான் பல ஆண்டுகளாகப் பேசப்படும் தொகை. அதில் பயிற்சியாளருக்கு, மேனேஜருக்கு, வரிக்கு என்று போய்விடும். தோற்றால் பாதிதான். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியும். அவர்கள் சம்பளம் கேட்கும்போது அவர்கள் பக்கம் பேச வேண்டியதும் நாம்தான்.

அன்புடன்.